செங்கமலம் வாங்காத ஷேர்

திருக்கனூர் சந்தையில் அது இருபத்தைந்து லட்சமாக இருந்தது. கூடவே ஒரு காரும் இருந்தது. வில்லியனூர் வந்தபோது கார் காணாமல் போய், தொகையும் பன்னிரண்டாக இளைத்துவிட்டது. ஏம்பலத்தில் இறங்கி விசாரித்தால் ஐந்து என்றார்கள். பாகூர் போகும் டெம்போவில் என் முழங்காலோடு முழங்கால் இடித்து உட்கார்ந்திருந்தவர், “மூணுதான் சார். அதுவும் இன்னும் கைக்கு வரலியாம்” என்றார்.

ஏரியை நெருங்க நெருங்க வற்றிக்கொண்டே வந்த அந்த வதந்தி இதுதான்: பாகூர் ஏரிக்கரைப் பக்கம் களை பறிக்கிற செங்கமலம் என்ற பெண்மணி, ஏரியில் தானாக முளைத்த காட்டு நெல்லை வெளிநாட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு ஷேர் வாங்கிவிட்டார்.

வதந்தியைச் சரிபார்ப்பது என் வழக்கம் இல்லை. அதை வைத்துப் பிழைப்பதோடு சரி. ஆனால் களை பறிக்கிறவர் ஷேர் வாங்கினார் என்று கேட்ட பிறகு எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. என்னிடம் எந்தக் கம்பெனியின் ஷேரும் கிடையாது.

முதலில் கிடைத்தவர் செங்கமலத்தின் வீட்டுக்காரர் முத்துசாமி. கரிக்கலாம்பாக்கத்தில், போன வருஷம் வரை நெல் விளைந்து இந்த வருஷம் மஞ்சள் கல் விளைந்திருக்கிற ஒரு மனைப்பிரிவில் அவர் வாட்ச்மேன். அங்கே இன்னும் ஒரு வீடுகூட எழும்பவில்லை என்பதால் காவல் காப்பதில் அதிகச் சிரமமில்லை. தலையில் ஏதோ ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் போட்ட நீலத் தொப்பி வைத்திருந்தார். ஷேர் விவகாரத்தில் கண்ணால் பார்க்கக் கிடைத்த ஒரே சாட்சி அந்தத் தொப்பிதான்.

“எங்கிட்டயே மறைக்கிறா சார்” என்றார், நான் கேட்பதற்கு முன்பே. “அரிசி டின்ன கவுத்துப் பாத்துட்டன். பீரோ மேல பாத்துட்டன். முப்பது வருசமா குடும்பம் நடத்துறவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் இன்னா கேட்டுடப் போறன், ஒரு பேட்டரி ஸ்கூட்டரு.”

“ஒருவேளை நிஜமாகவே ஒன்றும் வரவில்லையோ என்னவோ?”

முத்துசாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் காட்டினார். “ஒண்ணும் இல்லாமலா சார் தொப்பி குடுப்பான்?”

வீட்டைத் தேடிப் போனேன்.

கார்த்திகை மாசம், பதினோரு மணி. சம்பா நடவு முடிந்து களை பறிப்பு மும்முரமாக இருக்கிற நேரம். அந்த நேரத்தில் பாகூர்ப் பக்கத்தில் களை பறிக்கிற பெண் வீட்டில் இருந்தால் ஒன்று காய்ச்சலாக இருக்க வேண்டும், இல்லை சாவாக இருக்க வேண்டும். செங்கமலம் வீட்டில்தான் இருந்தார். வாசலில் குந்தி, சிமெண்ட் ரோட்டு விரிசலில் முளைத்திருந்த அருகம்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். என் செருப்பைப் பார்த்தார்; முகத்தைப் பார்க்கவில்லை.

“கார் எங்கன்னு கேக்க வந்திங்களா? பின்னாடி நிக்குது. ஆடு கட்டியிருக்கன் பாருங்க.”

கார் திருக்கனூரைத் தாண்டி வரவில்லை என்று சொன்னதும் கொஞ்சம் சிரித்தார். உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்து பேசி எழுந்திருப்பதற்குள் என் சட்டையில் தொங்கிய நாலு நூல்களையும் கிள்ளி எறிந்திருந்தார். அது அவர் கையின் குணம். மகளுக்கு மண்டபத்தில் கல்யாணம் நடந்தபோது, சம்பந்தி வீட்டார் வந்து இறங்கிய நேரத்தில், பெண்ணின் அம்மாவைக் காணோம் என்று தேடியிருக்கிறார்கள். மண்டபத்துப் புல்தரையில் கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாராம், பட்டுப்புடவையோடு. “ரெண்டுதான் புடுங்குனன். நாலாப் பெருகிடும்ல?” என்று இன்றைக்கும் நியாயம் சொல்கிறார்.

பிறந்தது ஏம்பலம். மூன்றாம் வகுப்பு பாதியில் வயலுக்கு வந்தவர். ஆதார் அட்டையில் வயது ஐம்பத்து மூன்று. வேலைக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த நாற்பது வருஷத்தில் அவர் பிடுங்கிப் போட்ட களையை அடுக்கினால் பாகூர் ஏரிக்கு இன்னொரு கரை கட்டலாம். ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சாதாரணக் களை இல்லை. நெல்லுக்கு நடுவே நெல் மாதிரியே வேஷம் போட்டு நிற்கிற காட்டு நெல்.

இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏரி ஓரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கிறது. இலை நெல் இலைதான். தண்டும் நெல் தண்டுதான். கதிர் விட்ட பிறகுதான் நீளமான மீசையோடு தன் சுயரூபத்தைக் காட்டும். காட்டி என்ன பயன்? அறுக்கப் போகிற அன்றைக்கு எல்லா மணியும் சேற்றில் கொட்டியிருக்கும். அடுத்த வருஷம் இரண்டு மடங்காக முளைக்கும். ஆகவே கதிருக்கு முன்னாலேயே, நாற்றுப் பருவத்திலேயே அடையாளம் கண்டு பிடுங்க வேண்டும். இது செங்கமலத்துக்குக் கைவந்திருந்தது.

“எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?”

“அடியில கத்திரிப்பூ கலர் ஓடும்.”

“ஓடாமல் இருந்தால்?”

“அப்பவும் தெரியும். நெல்லு அதும்பாட்டுக்கு நிக்கும். இது முழிக்கும்.”

வீரமணி என்று ஒரு நிலக்காரர். பத்துக் காணிக்கு நெல்லும் கரும்பும் வைத்திருக்கிறவர். அவரே செங்கமலம் இல்லாமல் களைக்கு ஆள் இறக்கமாட்டார் என்று சொல்வார்கள். செங்கமலம் தனியாள் இல்லை; அவருக்கு ஒரு செட் உண்டு. பதினோரு பெண்கள். செட்டுக்குத் தலைவி ஜெயா. நிலக்காரர்கள் ஜெயாவுக்குப் போன் போடுவார்கள். ஜெயா மற்ற பத்துப் பேருக்கும் போன் போடுவார். போன் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு.

இந்த செட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. எழுதி வைக்கவில்லை என்பதால் யாரும் மீறுவதில்லை. வேலை நேரத்தில் யார் கைக்கு எது கிடைத்தாலும் பதினோரு கூறு. வரப்பு ஓரம் நத்தை கிடைத்தால் பதினோரு கூறு. நண்டு கிடைத்தால் கால் உட்படப் பதினோரு கூறு. ஒரு தடவை ஜோஸ்பின் ஒரே ஒரு குறவை மீனைப் பிடித்துவிட்டு முந்தானையில் மறைக்கப் பார்த்தாராம். பதினோரு துண்டு போடப்பட்டது. “எனக்கு வந்தது கண்ணு மட்டும்தான்” என்கிறார் செங்கமலம்.

நாலு வருஷத்துக்கு முன்பு, இதே கார்த்திகையில், அருள்மொழி வந்தார். வில்லியனூர்ப் பெண். ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. ஸ்கூட்டியின் முன்னால் புகை விடுகிற ஒரு ஐஸ் டப்பா. காட்டு நெல்லின் இலையும் விதையும் வேண்டும் என்று ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தவர், வரப்பில் செங்கமலத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

“அக்கா, இந்தச் செடிக்கு உங்க ஊர்ல என்ன பேரு?”

செங்கமலம் அப்போதுதான் ஒன்றை வேரோடு பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். “சனியன்” என்றார்.

அருள்மொழி மரியாதையாக எழுதிக்கொண்டார்.

இலை சுலபமாகக் கிடைத்துவிட்டது. விதைதான் கிடைக்கவில்லை. அருள்மொழி ஒரு வாரம் கழித்து வந்தார். மணி பால் பிடித்திருந்தது. இன்னொரு வாரம் கழித்து வந்தார். எல்லாம் கொட்டிக் கிடந்தது. மூன்றாவது தடவை வரப்பில் உட்கார்ந்து அழாத குறை. அப்போதுதான் செங்கமலம் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். புகையான் பூச்சி விழுந்து ஏரிப் பாசன நெல்லெல்லாம் கருகி நின்ற வருஷத்தில், இந்தச் சனியன் மட்டும் பச்சையாக நின்றதாம்.

அருள்மொழிக்கு அழுகை நின்றுவிட்டது. அவர் தேடி வந்ததே அதைத்தான். பூச்சிக்குத் தாக்குப்பிடிக்கிற சங்கதி இந்தச் செடிக்குள் எங்கோ எழுதியிருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டால் நம் நெல்லுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

“அத ஏம்மா முன்னாடியே சொல்லல? விதைதான வேணும்?” என்றார் செங்கமலம். அருள்மொழி மூன்று தடவையாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏரியின் இன்னொரு மூலையில் கதிர் பின்தங்கி நின்றது. சோற்று வேளையில் செங்கமலம் செட்டையே கூட்டிப்போனார். கிழிந்த கொசுவலையை வெட்டிச் சின்னச் சின்னப் பை தைத்து, கதிருக்கு ஒன்றாக மாட்டி, அடியில் வாழைநாரால் கட்டினார்கள். இருநூறு கதிர். நாற்பது வருஷமாக எந்தச் செடியின் கழுத்தைத் திருகினார்களோ, அதே செடிக்குப் பதினோரு பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று சட்டை மாட்டினார்கள். மணி கொட்டியது, பைக்குள்ளேயே கொட்டியது. அருள்மொழி அள்ளிக்கொண்டு போனார். போகும்போது கையில் இருந்த ஒரே பரிசு, அந்தத் தொப்பி. செங்கமலம் வாங்கி முத்துசாமியின் தலையில் வைத்தார். கூறு போட முடியாத பொருள் என்பதால் செட்டும் விட்டுவிட்டது.

நாலு வருஷம் சத்தமில்லை. பிறகு இந்தக் கார்த்திகையில், வீரமணி வயலில் களை பறித்துக்கொண்டிருந்தபோது செங்கமலத்துக்குப் போன் வந்தது. கையெல்லாம் சேறு. வரப்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஜோஸ்பின் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். வயல் முழுக்க அருள்மொழியின் குரல் கேட்டது.

“அக்கா! நம்ம நெல்ல முழுசா படிச்சாச்சுக்கா! ஒலகம் பூரா ஷேர் பண்ணிட்டோம்! உங்க பேருலதான் இருக்கு!”

அவ்வளவுதான். களை பறித்த கைகள் நின்றன.

மறுநாள் காலையில் செங்கமலத்துக்குப் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தானாகவே வயலுக்குப் போயிருக்கிறார். செட் வரிசை பிடித்து இறங்கிவிட்டிருந்தது. அவருடைய இடத்தில் இருவர் நெருங்கி நின்று அடைத்திருந்தார்கள்.

“இன்னாக்கா இது?” என்று ஜெயாவிடம் கேட்டிருக்கிறார்.

“ஷேர் வாங்குனவங்களுக்கு சேத்துல இன்னா வேல?” ஜெயா நிமிரவில்லையாம். “கட்டுனது பதினோரு பேரு. ஷேரு ஒருத்தி பேருல. குறவ மீனுக்கு ஒரு சட்டம், உனுக்கு ஒரு சட்டமாடி?”

அருகம்புல்லை விட்டுவிட்டுச் செங்கமலம் என்னைப் பார்த்தார். “ஒம்போது நாளு ஆச்சு சார். கூலிகூடப் போவுது, வூட்ல அரிசி இருக்கு. என் எடத்த அடைச்சிக்கினு நின்னாளுங்க பாருங்க…” விரிசலில் விரலை விட்டு வேரைத் தேடினார். வேர் வரவில்லை.

வதந்தியின் விலை அவர் வாசலில் பூஜ்யமாகிவிட்டது. சேதம் மட்டும் முழுசாக இருந்தது. அருள்மொழியின் நம்பரை வாங்கிப் பேசினேன். பதறிப்போனார்.

“ஷேர் பண்ணிட்டோம்னுதான் சார் சொன்னேன்! அதுல என்ன தப்பு?”

டெம்போவில் பாதி சீட்டு, சீட்டுக் கட்டுகிறதில் ஒரு பங்கு, செத்துப்போனவர் நிலத்தில் ஒரு பாகம். இதைத் தவிர இந்தக் கம்யூன் பஞ்சாயத்து ஊர்களில் ஷேர் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் பழக்கத்தில் இல்லை என்று விளக்கினேன். மறுநாளே ஸ்கூட்டியில் வந்துவிட்டார். இந்தத் தடவை ஐஸ் டப்பா இல்லை.

வீரமணியின் வயல் வரப்பில், சோற்று வேளையில், பஞ்சாயத்து கூடியது. செங்கமலம் பத்தடி தள்ளி நின்றார். அருள்மொழி போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினார். மரபணுவின் நாலே எழுத்து மாறி மாறி வந்துகொண்டிருந்தது. விரலால் தள்ளத் தள்ளத் தீரவில்லை.

“இதான்க்கா அந்தச் செடி. மொத்தம் நாலு எழுத்துதான். ஆனா நாப்பது கோடி எழுத்து வரிசையா வரும்.”

“நாலே நாலா?” என்று தூரத்திலிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது. “என் பேருக்கே ஆறு இருக்குது.”

“நீ சும்மா இருடி” என்றார் ஜெயா. பிறகு அருள்மொழியிடம், “இத எம்மாத்துக்கு வித்தீங்க?”

“விக்கலக்கா. யார் வேணா எடுத்துக்கலாம். சும்மாதான்.”

“ஓசிலயா?”

“ஆமாக்கா.”

“பாப்பா, ஒரு செராக்ஸ் ஓசில குடுப்பானா எவனாச்சும்? நாலு வருசம் படிச்சதத் தூக்கி ஓசில குடுத்தியா?”

விற்றோம் என்றால் ஒரு நொடியில் நம்பியிருப்பார்கள். கொடுத்தோம் என்பதை நம்பவைப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு வியர்த்துவிட்டது. எந்த நாட்டில் யார் நெல்லுக்கு வைத்தியம் பார்த்தாலும் இதை எடுத்துப் பார்க்கலாம், நம் ஊர்க்காரர்களும் பார்க்கலாம், பூட்டி வைத்தால் யாருக்கும் பயனில்லை என்றெல்லாம் சொன்னார். பதினோரு பேரும் கேட்டார்கள், ஒருவரும் அசையவில்லை. கடைசியில் ஜோஸ்பின்தான் தன் போனை எடுத்தார்.

“ஓசின்னா நான் இப்ப எடுப்பன். வருதா பாக்கறன்.”

அருள்மொழி சொன்ன இடத்தில் அழுத்தினார். நீலக்கோடு நகர்ந்தது. ஐந்து நிமிஷம் யாரும் சோற்றைத் தொடவில்லை. கோடு முடிந்தது. பாகூர் ஏரியின் காட்டு நெல் முழுசாக ஜோஸ்பினின் போனுக்குள் வந்து உட்கார்ந்தது. பேரன் பிறந்தநாள் வீடியோவுக்குப் பக்கத்தில்.

“அக்கா” என்றார் ஜோஸ்பின், குரலை இறக்கி. “ஓடிபியே கேக்கலக்கா.”

வரப்பில் ஒரு பெருமூச்சு கேட்டது. கேஸ் சிலிண்டருக்கு ஓடிபி கேட்கிறார்கள். பார்சல் வந்தால் ஓடிபி கேட்கிறார்கள். ஓடிபி கேட்காத விஷயத்தில் பணம் இருக்க வாய்ப்பே இல்லை. நாற்பது கோடி எழுத்தால் நிரூபிக்க முடியாததை வராத ஆறு இலக்கம் நிரூபித்தது.

பஞ்சாயத்து அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜெயா விடுகிற ஆளில்லை.

“ஒங்க பேருல இருக்குன்னு சொன்னியே, அது இன்னா?”

அருள்மொழி இன்னொரு பக்கத்தைத் திறந்து படித்துச் சொன்னார். சேகரித்த இடம், பாகூர் ஏரி. சேகரித்தவர், செங்கமலம். உள்ளூர்ப் பெயர், சனியன்.

வயலில் எழுந்த சிரிப்பில் கொக்கு பறந்தது. “சனியனும் செங்கமலமும் அடுத்தடுத்த வரியிலடி!” என்று ஒருவர் கத்தினார். அருள்மொழிக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு பேராசிரியர், சனியனைப் பற்றி மேலும் அறிய ஆவலாக இருப்பதாக மெயில் அனுப்பியிருக்கிறாராம். வேண்டுமானால் பெயரை மாற்றிவிடுகிறேன் என்றார். கூடவே கூடாது என்று எல்லோரும் சேர்ந்து தடுத்துவிட்டார்கள். அதுதான் அதன் பெயர்.

செங்கமலம் மெல்ல நடந்து வந்து, “என் பேரு எதும்மா?” என்று கேட்டார். அருள்மொழி பெரிதாக்கிக் காட்டினார். ஆங்கில எழுத்துகள். சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு தொட்டார். தொட்டதும் திரை நகர்ந்து பெயர் மேலே ஓடிவிட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ரேஷன் கார்டிலும் ஓட்டர் லிஸ்டிலும் முத்துசாமிக்குக் கீழேதான் அவர் பெயர் இருக்கிறது. இங்கே யாருக்கும் கீழே இல்லை. சனியனுக்குப் பக்கத்தில் சமமாக இருந்தது.

ஜெயா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்துவிட்டும் சொன்னார்: “சரி, காசு இல்ல. பேரு இருக்குதில்ல? பேரையும் கூறு போடு.”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் மூக்கை நுழைத்தேன். நத்தையைக் கூறு போடலாம், பேரை எப்படிக் கூறு போடுவது என்று கேட்டேன். என்னை ஒருவரும் லட்சியம் செய்யவில்லை. எல்லோரும் செங்கமலத்தைப் பார்த்தார்கள். செங்கமலம் வயலில் தன் இடத்தைப் பார்த்தார். அங்கே காலையில் மிதிபட்ட சேறு இன்னும் தெளியாமல் இருந்தது.

“போட்டுக்கோங்கடி” என்றார். “பேர வெச்சி கஞ்சியா காச்சப் போறன்?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, யார் கூப்பிடுவதற்கும் காத்திருக்காமல் வயலில் இறங்கினார். இறங்கிய வேகத்தில் குனிந்து ஒன்றைப் பிடுங்கி வரப்பில் எறிந்தார். “ஒம்போது நாளா எத இங்க விட்டு வெச்சிருக்கீங்க பாரு, முழிச்சிக்கினு நிக்குது.”

பத்துப் பேரும் பின்னாலேயே இறங்கினார்கள். அவர் இடத்தை அடைத்திருந்த இருவர் ஆளுக்கு ஒரு அடி நகர்ந்து நின்றார்கள். செங்கமலம் குனிந்தபடியே, வரிசையின் இடது கோடியிலிருந்து ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு வந்தார். அருள்மொழி வரப்பில் நின்று போனில் ஏற்றிக்கொண்டார். ஜோஸ்பின். செல்வகுமாரி. அப்படியே போய் வலது கோடி வரைக்கும்.

மூன்று வாரத்தில் அந்தப் பக்கம் திருத்தப்பட்டது. அருள்மொழி எனக்கும் அனுப்பினார். சேகரித்தவர்கள் என்று பன்மையில் வந்திருந்தது. பெயர்கள் வரிசையாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன். பத்து.

இந்த செட்டில் ஜெயாக்கள் இரண்டு பேர் என்பதை நான் சொல்லவில்லை. இதுவரை சொல்ல அவசியம் வரவில்லை. வரிசையில் தலைவி ஜெயாவுக்குப் பக்கத்து இடத்தில், திருக்கனூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த இன்னொரு ஜெயா. வயதில் பாதி, வாயில் சரிசமம். செங்கமலம் “ஜெயா, ஜெயா” என்று ஒழுங்காக இரண்டு தடவைதான் சொல்லியிருக்கிறார். வயலின் சத்தத்தில் காது கேட்காமல் போயிருக்கும் என்று திருப்பிச் சொல்கிறார் என அருள்மொழி நினைத்துவிட்டார். ஒரு ஜெயாவோடு நிறுத்திக்கொண்டார்.

“அது நான்தான். தலைவி பேரு இல்லாம எப்பிடிப் போடுவாங்க?” என்கிறார் பெரியவர்.

“எழுத்துக் கூட்டிப் பாருக்கா. சின்னதாதான் இருக்குது. அது நானு” என்கிறார் சின்னவர்.

அருள்மொழி மறுபடி எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை வைத்திருக்கிறவர்கள், ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதே, தவறா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். தவறில்லை, ஆள் இரண்டு என்று பதில் போயிருக்கிறது. அதற்கு மேல் தகவல் இல்லை.

செங்கமலத்துக்கு இப்போது தினமும் காலையில் போன் வருகிறது. வரிசையில் அவரை இரண்டு ஜெயாவுக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். இடது பக்கத்திலிருந்து ஒரு குரல், “என் பேரு எப்படி வரும்?” வலது பக்கத்திலிருந்து ஒரு குரல், “வந்துருக்கறதே என்னுதுதான்.” அவர் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு குனிந்து பிடுங்குகிறார். இதை எழுதுகிற இன்றைய தேதி வரை, செங்கமலம் செட்டுக்கு ஒரு ஜெயா பாக்கி.